சாட்சித் தாள்

பாய்லர் பார்க்கிறவனுக்கு ஒரு வசதி உண்டு, தேநீர் ஆறிப்போகாது. குவளையை நீராவிக் குழாய்மேல் வைத்துவிட்டால் ஷிப்ட் முடிகிறவரை சூடாகவே இருக்கும். உங்களுடையது ஆறி ஆடை கட்டிவிட்டது ஐயா. குடித்துவிட்டு எழுதுங்கள். எனக்கு அவசரமில்லை.

நான் படித்தது ஐந்தாவது வரை. முப்பத்துநாலு வருஷம் ஓர் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பாய்லர் பார்த்தேன். படுக்கை விரிப்பு, ஆபரேஷன் அறைத் துணி எல்லாம் என் நீராவியில்தான் வெந்தன. மணிக்கு ஒருதரம் போய் அழுத்தம் எவ்வளவு, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டம் எவ்வளவு என்று பார்த்துப் பதிவேட்டில் கட்டம் கட்டமாக எழுத வேண்டும். கடைசியில் ஒரு நீளக் கட்டம், 'குறிப்பு' என்று. ஆய்வுக்கு வருகிற அதிகாரிகள் பாய்லர் பக்கம் போகமாட்டார்கள், சட்டை நனைந்துவிடும். பதிவேட்டைத்தான் புரட்டுவார்கள். இதை நான் மூன்றாவது வருஷமே கண்டுகொண்டேன். அதற்கப்புறம் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே எட்டு மணி நேரத்துக்கும் எழுதிவிடுவேன். அதிலும் ஒரு பக்குவம் உண்டு. ஒரே எண்ணைத் திரும்பத் திரும்ப எழுதக் கூடாது. கொஞ்சம் ஏற்றி, கொஞ்சம் இறக்கி, நடுவில் ஓர் எண்ணை அடித்துத் திருத்த வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால்தான் மனிதர்கள் நம்புவார்கள்.

ஒரேயொரு தடவை தப்பானது. தண்ணீர் மட்டம் சரி என்று நான் எழுதிவைத்துவிட்டுப் போன கால் மணி நேரத்தில், எனக்கு அடுத்த ஷிப்ட் பார்த்த நெட்டையன் முகத்தில் நீராவி அடித்தது. கண்ணாடிக் குழாய் காய்ந்து கிடந்ததாம். விசாரணையில் பதிவேட்டைப் பார்த்தார்கள். என் கையெழுத்தில் எல்லாம் ஒழுங்காக இருந்தது. தவறு அவன்மேல் போயிற்று, வேலையும் போயிற்று. ஒருநாள் வாசலில் வந்து நின்று, பாதி வெந்த முகத்தோடு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனான். இதை இப்போது சொல்வது, நான் எழுதினால் எடுபடும் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக.

என் மகளை வீட்டில் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். முப்பத்தெட்டு வயதிலும் பாப்பாதான். அவள் அம்மா போய்ப் பதினோரு வருஷம். பாப்பாவுக்குக் கல்யாணம் அமையவில்லை. அமைய விட்டீர்களா என்று கேட்டால் அது வேறு கதை, அதற்கு இந்தத் தாள் போதாது. செயற்கைப் பல் செய்கிற லேபில் அவளுக்கு வேலை. மெழுகில் பல் வரிசை பிடிப்பாள். உட்கார்ந்த இடத்தில் ஏழெட்டு மணி நேரம், கழுத்து வளையாமல். வேலையில் கெட்டிக்காரி. அழுமூஞ்சி இல்லை. சின்ன வயதில் கதவிடுக்கில் விரல் நசுங்கியபோதுகூட உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றவள். இதைக் கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. பின்னால் வேண்டியிருக்கும்.

லேபில் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் பல்லுக்கு நிறம் பார்க்கிற பெண் ஒருத்தி. நான் அவளை நிறக்காரி என்பேன். அவள்தான் பாப்பாவை அந்த வகுப்புக்கு இழுத்துக்கொண்டு போனாள். வாழ்க்கையின் நோக்கத்தைக் கண்டுபிடிப்பது, தன்னைத்தானே ஒரு பிராண்டாக ஆக்கிக்கொள்வது, பன்னிரண்டு வாரத்தில். நடத்துகிறவன் கன்னத்தில் எப்போதும் ஒரு மைக் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்துப் பேர் இருக்கிற அறையில் எதற்கு மைக்? அதனால் மைக்குக்காரன் என்று பெயர் வைத்தேன். அவனைத்தான் நீங்கள் ஒன்பது நாளாக உள்ளே வைத்திருக்கிறீர்கள், என் புகாரின்பேரில்.

முதல் வாரம் வந்து என்னிடம் கேட்டாள். "உங்களை ஒரே வரியில சொல்லுங்கப்பா."

"பாய்லர்காரன். பென்ஷன். முழங்கால் வலி."

"அது மூணு வரி" என்று சிரித்தாள். அவளுடைய வரியையும் சொல்லிக்காட்டினாள். "உடைஞ்சுபோன சிரிப்பைத் திரும்பச் செஞ்சு தர்றவ நான்."

"பல்லு கட்டறவன்னு சொல்லிட்டுப் போயேன். அவனவனுக்குப் புரியும்" என்றேன். அதற்கும் சிரித்தாள். ஆனால் மறுநாளிலிருந்து முகம் கழுவுகிற இடத்தில் கண்ணாடி முன்னால் நின்று அந்த வரியைச் சொல்ல ஆரம்பித்தாள். நான் துண்டோடு வெளியே காத்திருப்பேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குரல் நிமிர்ந்தது. போனில் அலாரமாகவும் அதையே வைத்தாள். அந்தப் போன் இப்போது உங்கள் டிராயரில்தானே இருக்கிறது? காலை ஆறு மணிக்கு அது பேசித் தூக்கிவாரிப் போட்டதாக உங்கள் ஏட்டு சொன்னார். ஒருநாளைக்கே அவருக்கு அப்படி.

வேலை செய்வதைச் சின்னச் சின்னப் படமாக எடுத்துப் போட்டாள். வெறும் மெழுகு, கத்தி, அவள் விரல்கள். அதை ஆயிரக்கணக்கில் ஆட்கள் பார்த்தார்கள். பல் போன கிழவர்களெல்லாம் மகளே என்று எழுதினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. காரணம் கேட்டால் தெரியவில்லை.

மைக்குக்காரன் ஒரு முறை வைத்திருந்தான். வகுப்பில் யார் என்ன பேசினாலும் அவன் நம்பமாட்டான். வீட்டில் எப்படி இருக்கிறார்களோ அதுதான் நிஜமாம். அதனால் கூட இருக்கிறவர்களில் ஒருவர் சாட்சி. வாரம் ஒரு தாள் நிரப்பி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர் பார்க்கக் கூடாது. பாப்பாவுக்கு நான்தான் சாட்சி. தாளைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தூக்கம், சாப்பாடு, மனநிலை பத்துக்கு எத்தனை. கடைசியில் ஒரு நீளக் கட்டம், 'குறிப்பு'. என் பழைய பதிவேடேதான்.

முதல் மூன்று வாரம் உள்ளதை எழுதினேன். எட்டு, எட்டு, ஒன்பது. நாலாவது வாரம் பாப்பா சாப்பிடும்போது சொன்னாள், வேறோர் ஊரில் நிறக்காரியோடு சேர்ந்து சொந்தமாக லேப் போடப் போவதாக. "வீடுகூடப் பார்த்துட்டேன்ப்பா. உங்ககிட்ட அதைப் பத்திப் பேசணும்" என்றாள். பேச என்ன இருக்கிறது, போகிறவள் போ என்று சொல்லிவிட்டு டிவியைச் சத்தமாக வைத்தேன். இன்னும் இரண்டு முறை பேச வந்தாள். இரண்டு முறையும் செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த வாரம் தாளில் ஆறு என்று எழுதினேன். அடுத்த வாரம் நாலு. அதை அடித்து ஐந்தாக்கினேன். குறிப்பில், தூக்கத்தில் அழுகிறாள், கேட்டால் தெரியாது என்கிறாள் என்று எழுதினேன். அதற்கடுத்த வாரம், வகுப்பில் உள்ளவர்களை முட்டாள் கூட்டம் என்கிறாள், நிறம் பார்க்கிற பெண் தன் பையைத் தூக்கத்தான் லாயக்கு என்கிறாள் என்று எழுதினேன். அவள் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒட்டிய உறையை அவள்தான் பையில் வைத்துக்கொண்டு போவாள். அடுத்தவர் கடிதத்தைப் பிரிக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது, நான் வளர்த்த வளர்ப்பு அப்படி.

எட்டாவது வாரம் கண்ணாடி வகுப்பு என்று ஒன்று. சாட்சி எழுதியதை எல்லார் முன்னாலும் வாசிப்பான். ஒப்புக்கொண்டால் வளர்ச்சி, மறுத்தால் முகமூடியாம். பாப்பா மறுத்தாள். மறுக்க மறுக்க முகமூடி கெட்டியாகிறது என்று அவன் மற்றவர்களுக்கு விளக்கினானாம். அவன்மேல் எனக்குப் பெரிய கோபமில்லை ஐயா. அவனும் ஆய்வு அதிகாரி மாதிரிதான். பாய்லர் பக்கம் ஒருநாளும் வந்து பார்க்கவில்லை, தாளை நம்பினான். நிறக்காரி எழுந்து, "இவ்வளவு நாள் பக்கத்துல உக்காந்து இதைத்தான் நினைச்சிட்டிருந்தியா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டுப் போனாளாம்.

பாப்பா வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் நின்றாள். "என்னப்பா எழுதினீங்க?"

"நல்லபடியாத்தான் எழுதினேன். அவனே கட்டிவிட்டிருப்பான். அப்பவே சொன்னேன்ல."

நம்பினாள். அந்த நொடியில் நம்பிவிட்டாள். நான் எதிர்பார்த்ததைவிடச் சுலபம். கொஞ்ச நேரம் கழித்து, செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டாள். "நான் தூக்கத்துல அழறேனாப்பா?"

இங்கே நான் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவன் கட்டிவிட்டது என்றால் எல்லாமே கட்டிவிட்டதாகத்தானே இருக்க வேண்டும். ஆனால் அப்படிச் சொன்னால் நிறக்காரியிடம் போய்ச் சமாதானம் பேசுவாள், ஊருக்குப் போவாள். "அது மட்டும் உண்மைம்மா. உனக்கு மனசு கஷ்டமாயிடும்னு நான் சொல்லலை" என்றேன்.

அவள் வேலை செய்கிறவள் ஐயா, அளந்து பார்க்காமல் எதையும் ஏற்கமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தூங்குகிற வழக்கம் உண்டு. "போன்ல பதிவு போட்டுட்டுத் தூங்கறேன்ப்பா. பாத்துடலாம்" என்று தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுத்தாள். நான் அரைமணி நேரம் விட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். முழங்காலை மடக்கிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்காருவதுதான் சிரமமாக இருந்தது. துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். குரல் வரக் கூடாது, மூச்சு மட்டும் விம்ம வேண்டும். நாலு தடவை, நடுவில் இடைவெளி விட்டு. ஒரு தடவை பாதியில் நிறுத்தினேன், அடித்துத் திருத்துகிற மாதிரி. அழுகை வரவழைக்க நான் சிரமப்படவில்லை. தானாக வந்தது. பாப்பா வாயைக் கொஞ்சம் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள், சின்னக் குழந்தையாக இருந்தபோது தூங்கின மாதிரியே.

சாயங்காலம் கட்டிலில் உட்கார்ந்து மூன்று முறை கேட்டாள். அப்புறம் வெளியே வந்து, "நிஜம்தான்ப்பா" என்றாள். எனக்குத் தேநீர் வைத்துக் கொடுத்தாள்.

அதற்கப்புறம் அவள் தன்னை நம்பவில்லை. ஊருக்குப் போவதில்லை என்று முடிவு செய்தாள். படம் எடுப்பதையும் கண்ணாடி முன்னால் நிற்பதையும் விட்டாள். அலாரத்தை மட்டும் மாற்ற மறந்துவிட்டாள். அது பாட்டுக்கு ஆறு மணிக்கு அவள் குரலில் பேசும், அவள் கேட்டுக்கொண்டு சும்மா படுத்திருப்பாள். அழுதுவிடுவோமோ என்று தூங்கப் பயந்தாள். லேபில் ஒருவருடைய மேல்வரிசைப் பல்லை இன்னொருவருடைய கீழ்வரிசையோடு சேர்த்துவிட்டாள், பதினாறு வருஷத்தில் முதல் தடவை. நிறக்காரி திரும்பிப் பார்க்கவில்லையாம். சரியாகிவிடும் என்று நினைத்தேன். வீட்டில் இருந்தாளே, அது போதுமென்று இருந்தது. மூன்று வாரம் அப்படிப் போயிற்று. நல்ல வாரங்கள்.

அப்புறம் அந்தக் காலை. லாரி டிரைவர் எத்தனை தடவை ஒலிப்பான் அடித்தான், அவள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள் என்பதெல்லாம் உங்களிடமே இருக்கிறது. அதை நான் சொல்லமாட்டேன்.

மைக்குக்காரன் என் மகள் மனதைக் கெடுத்தான் என்று புகார் கொடுத்தேன். அத்தாட்சியாகப் போனைக் கொடுத்தேன். நீங்கள் சாட்சித் தாள்களைப் பார்த்தீர்கள், பதிவைக் கேட்டீர்கள். எல்லாம் ஒன்றோடொன்று பொருந்தியது. பொருந்தத்தான் செய்யும். நான் பேசாமல் இருந்திருந்தால் நெட்டையன் விஷயம் மாதிரியே முடிந்திருக்கும்.

ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். போன வாரம் நிறக்காரியைக் கூப்பிட்டு அந்தப் பதிவை நீங்கள் போட்டுக் காட்டினீர்கள். நானும் பெஞ்சில் இருந்தேன். அவள் கேட்டுவிட்டு, "இவ்வளவு அழுதிருக்காளே, எனக்குத் தெரியலையே" என்று முகத்தை மூடிக்கொண்டாள். எனக்குச் சுருக்கென்றது. என் பெண் அழவில்லை. ஊர் முழுக்க அவளை அழுதவள் என்று பேசுவதை நான் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அது என் அழுகை. துண்டு வீட்டில் இருக்கிறது, கொண்டுவரச் சொன்னால் கொண்டுவருகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. மத்தியானத்தில் அவள் அறையிலிருந்து அந்த விம்மல் கேட்கிறது. நாலு தடவை, ஒன்று பாதியில் நின்றுவிடும். நேற்றுப் பக்கத்து வீட்டு அம்மா கதவைத் தட்டி, "ஐயா, இப்படி அழுதா உடம்பு என்னத்துக்காகும்?" என்றாள். நான் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன், மூடித்தான் இருந்தது.

சரி ஐயா. தாள்களை நிரப்பியது நான். அழுதது நான். அவளை லாரிக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியது நான். அந்த ஆளை விட்டுவிடுங்கள். என் மகளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போகிற அளவுக்கு அவன் பெரிய ஆளில்லை.

நீங்கள் அவள் பையிலிருந்து எடுத்த ஒரு தாளை எனக்கு வாசித்துக் காட்டினீர்கள். ஐந்து வருஷம் கழித்து உங்கள் வாழ்வில் ஒரு நாள், எழுதுக என்று மேலே அச்சடித்திருக்கிறது. கீழே அவள் கையெழுத்து. புது ஊர், தரைத்தள வீடு, ஏனென்றால் அப்பாவுக்கு மாடிப்படி ஆகாது. முன்னறையில் லேப். ஜன்னலோரம் அப்பாவுக்கு ஒரு நாற்காலி, அப்பா அதில் உட்கார்ந்துகொண்டு நாள் முழுக்க என் வேலையைக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று. தேதி நாலாவது வாரத்தினுடையது. இரண்டு முறை வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள்.

அதை நம்பாதீர்கள் ஐயா. தாளில் எதை வேண்டுமானாலும் எழுதலாம், என்னைவிட யாருக்குத் தெரியும்? அது மைக்குக்காரன் சொல்லிக்கொடுத்து எழுதவைத்தது. அவள் என்னை விட்டுவிட்டுத்தான் போக இருந்தாள். அப்படித்தான் எழுதிக்கொள்ளுங்கள்.