ஏழாவது பேரு

...அந்த ஜன்னலையே மொறைச்சிட்டிருந்தா டிக்கெட் மெஷின் வேலை செஞ்சிருமாக்கா? உக்காருங்க. சோல்பன் மேடம் கையால எழுதித் தர்றாங்க, உங்களுக்கு முன்னாடி எண்பது பேரு நிக்கிறாங்க. ஆமா, ஆஃபீஸ்ல எனக்கு மேல இருக்கிறவங்கதான். "எர்மெக், நீ போய் சனங்களோட உக்காரு, அப்பத்தான் உனக்கு உறைக்கும்"னு என்னை இங்க துரத்திட்டாங்க. இந்த பிஷ்கெக் பஸ் ஸ்டாண்டுக்கே டிக்கெட் புரோகிராம் எழுதற ஆளு, பெஞ்சில உக்காந்து உங்க போர்சோக்கைத் தின்னுட்டிருக்கேன். மாவு நல்லா பொரிஞ்சிருக்கு. இன்னொண்ணு எடுத்துக்கறேன்.

நரின் ஊருக்கா போறீங்க? தங்கச்சி கொழந்தைக்குத் தொட்டில் விருந்தா... இன்னிக்கு சாயங்காலமேவா? ம். அந்தப் பன்னெண்டு மணி வண்டிய விட்டா கஷ்டம்தான்.

எல்லாத்தையும் நாமளே எழுத முடியுமா, நீங்களே சொல்லுங்க. டிக்கெட் அச்சடிக்கிறதுக்குன்னு எவனோ எழுதி வச்சிருப்பான், எடுத்துக்குவோம். அவன் இன்னொருத்தன்கிட்ட எடுத்திருப்பான். லைப்ரரிம்போம். உலகத்துக்கே பொதுவா ஒரு எடத்துல கெடக்கும், ஓசிதான். எல்லாத்துலயும் ஒரு நகல் நம்மகிட்ட வச்சுக்கோன்னு மேடம் அன்னிக்கே சொன்னாங்க. நான் கேட்டேனா? கடை தெறந்தே இருக்கு, வீட்ல எதுக்கு மூட்டை மூட்டையா அடுக்கணும்னேன். பெரிய மேதாவி.

காலைல உங்க நரின் வண்டி நேரத்தை மாத்தணும், அவ்வளவுதான் வேலை. பழைய புரோகிராமை அழிச்சிட்டுப் புதுசைக் கட்டச் சொன்னேன். புதுசு வந்தப்புறம் பழசை அழிக்கணும்ங்கிற அறிவு கூட இல்ல. கம்ப்யூட்டர் ஒவ்வொரு லைப்ரரியா எடுத்துட்டு வந்துச்சு, கடைசீல நின்னுபோச்சு. ஒண்ணைக் காணோம்ங்குது.

எவன்டா அதுன்னு தேடினேன். நம்மாளுங்க ஏழு தலைமுறை பேரை மூச்சு விடாம சொல்லுவோமில்ல? எங்கப்பா என்னை அஞ்சு வயசுலயே உருப்போட வச்சாரு. ஆனா என் புரோகிராமுக்குத் தாத்தன் பேரு கூட எனக்குத் தெரியல. மேல மேல போனேன். ஒருத்தன் போலந்துக்காரன், ஒருத்தன் பிரேசில்... ஏழாவதுல பன்னெண்டே வரி. டிக்கெட் நம்பருக்கு முன்னால சைபர் போடுது, வேற ஒண்ணும் பண்ணல. எழுதினவன் பேரு...

கொஞ்சம் தண்ணி இருக்காக்கா?

எர்மெக். நானேதான். காலேஜ்ல படிக்கிறப்ப எழுதிப் போட்டது, மறந்தே போச்சு. நேத்து அல்மாட்டில ஒரு வேலைக்கு மனுப் போட்டேன். அவங்க பாத்தா மானம் போயிருமேன்னு அந்தப் பொது எடத்துல நான் போட்டிருந்த பழைய அசட்டுத்தனத்தையெல்லாம் துடைச்சுப் போட்டேன். அதோட இதுவும் போச்சு. திரும்பப் போடப் போனா, அழிச்ச பேர்ல ஒரு நாள் கழிச்சுத்தான் போட விடுவாங்களாம்.

இல்ல, வழி இருக்கு. என் பையில இருக்கே லேப்டாப், இதுல ஒரு நகல் கெடக்கு. அரை மணில சரி பண்ணிரலாம். ஆனா அது எப்படிடா உன்கிட்ட வந்துச்சுன்னு மேடம் கேப்பாங்களே? அப்புறம் அல்மாட்டி கதையும் வெளிய வந்துரும். வெக்கமா இருக்குக்கா. பயமாவும் இருக்கு. அதான் இப்படியே உக்காந்து...

அக்கா? எங்க எந்திரிச்சிட்டீங்க? போர்சோக்கையும் எடுத்துட்டுப் போறீங்க. வரிசை அந்தப் பக்கம்க்கா, ஜன்னலுக்கே போனா சனங்க ஏசுவாங்க... என்னை ஏன் கை காட்றீங்க? என் பைய ஏன் காட்றீங்க?

மேடம், நீங்க எந்திரிக்க வேணாம். நானே வர்றேன்.