கூரையில் சுற்றும் அகப்பைகள்

கல்முனை பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு புருசனும் பெண்சாதியும் இருந்தார்கள். இந்த வயதிலும் என் காது நன்றாகக் கேட்கும்.

"நாலு தேங்காய்ச் சிரட்டை அகப்பையையும் கூரையில சுத்தவிட்டிருக்கீங்க. நாளைக்கு மாப்பிள்ளை வீட்டார் வந்தா எதால சோறு போடுற? போனதும் கழட்டித் தாங்க."

"காத்தளக்கத்தான் புள்ள. அயர்லாந்தில நட்சத்திரம் பார்த்த ஒராள் இப்படித்தான் நாலு கிண்ணத்தச் சுத்தவிட்டுக் காத்துட வேகத்த அளந்தார்."

"அவரும் பொண்டாட்டிட்ட கேக்காமத்தான் கிண்ணத்த எடுத்தாரா?"

"அது தெரியா. சாகுமட்டும் அதே வேலையில இருந்தவர்."

"பாவம் அந்தப் பொம்புள."

அவர் அவள் பக்கம் திரும்பினார். "விடிய அகப்பை சுத்தின வேகத்தப் பார்த்து, காத்து கூடுதெண்டுதான் மகனத் தோணியில கடலுக்குப் போகவிடாம மறிச்ச நான்."

சந்தையடி வந்ததும் அவள் பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள். இறங்கும்போது அவரிடம் சொன்னாள்.

"நாலு புது அகப்பை வாங்குங்க. கூரையில உள்ளதக் கழட்ட வேணாம்."