கல்லறைத் தோட்டத்துக் கீரை

ஆடு அரளியைத் தொடாது, ஐயா. அதை மட்டும்தான் தொடாது. குரோட்டன்ஸ், செம்பருத்தி, டேபிள் ரோஸ், செத்தவங்க தலைமாட்டுல வெச்ச மாலை, மாலையில சுத்தின ஜிகினாத் தாள், எல்லாத்தையும் தின்னும். நம்ம தோட்டத்தைச் சுத்தி ஏன் ஒரே அரளியா இருக்குன்னு போன வாரம் கேட்டீங்க இல்ல, அதுக்குப் பதில் இதுதான்.

உட்காருங்க. காபி ஆறிடும், குடிங்க. நானே போட்டது, டிகாக்‌ஷன் கொஞ்சம் தண்ணியாத்தான் இருக்கும். என் வீட்டுக்காரி ரத்தினபாய் போனதுலேர்ந்து இந்த வீட்டுல காபி இப்படித்தான்.

தோட்டத்து வாசல் வளைவுல பதிக்கிற கல்லைப் பத்திப் பேசத்தானே வந்தீங்க. 'பதினான்கு ஆண்டுகள் செயலாளராயிருந்து இக்கல்லறைத் தோட்டத்தைப் பேணிக் காத்த திரு. சத்தியநாதன்'. கமிட்டி தீர்மானத்தைப் படிச்சேன், எழுத்துப் பிழை இல்லை, சந்தோஷம். கல்லும் நேத்தே வந்து இறங்கிடுச்சு. நம்ம தோட்டத்தைப் பெருக்கற ஜெயவேலுதான் கொண்டாந்தான். அவனேதான் வெட்டப் போறானாம், கூலியே வேண்டாங்கிறான். அதுதான் எனக்கு இப்போ தொந்தரவு. வேற யார் வெட்டினாலும் நான் பாட்டுக்கு வாயை மூடிக்கிட்டு இருந்திருப்பேன்.

நீங்க இந்தச் சபைக்கு வந்து மூணு வருஷம் ஆகுது. அறுபத்தி நாலுல, நான் பொறுப்பெடுத்தப்போ, அந்த இடம் இருந்த இருப்பு உங்களுக்குத் தெரியாது. மாடம்பாக்கம் ரோட்டுலேர்ந்து பார்த்தா வெறும் புதர். வரிசையே கிடையாது. ஒருத்தர் தலை வடக்க, இன்னொருத்தர் தலை கிழக்க. நான் ரயில்வே டிராயிங் ஆபீஸ்ல இருபத்தெட்டு வருஷம் கோடு போட்டவன், எனக்கு அதைப் பார்க்கவே பொறுக்கலை. டேப் பிடிச்சு அளந்து, டிரேசிங் துணியில பிளான் போட்டேன். எட்டு வரிசை, நடுவுல மூணடிப் பாதை. யாரும் கேட்டுப் போட்டதில்லை, நானாப் போட்டேன்.

போட்டு என்ன புண்ணியம்? முள்கம்பி கட்டினா, ஊன்றின கட்டையைப் பிடுங்கிக்கிட்டுப் போய் அடுப்பெரிப்பாங்க. கல்தூண் நடலாம்னா கமிட்டி, "ஆவன செய்யலாம்"னு எழுதி மூடி வெச்சிடும். நம்ம ஜனங்களையும் சொல்லணும். அடக்கத்தன்னிக்கு விழுந்து புரண்டு அழுவாங்க. அப்புறம் வருஷத்துக்கு ஒரு தடவை, நவம்பர் ரெண்டாந் தேதி கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தியோட வருவாங்க. வந்து என்னைத்தான் பிடிப்பாங்க. "என்ன சார், எங்கப்பா மேல ஆட்டுப் புழுக்கை கெடக்கு? செக்ரட்டரின்னு எதுக்கு இருக்கீங்க?" ஒருத்தராவது ஒரு புல்லைப் பிடுங்கினது கிடையாது.

அந்த ஆடு பச்சையம்மாவோட ஆடு. தோட்டத்துக்குப் பின்னாடி ஏரிக்கரையில குடிசை. புருஷன் ஜெயவேலு திரிசூலம் மலையில கல்லுடைச்சுக்கிட்டு இருந்தான். அவளுக்கு நாலு ஆடு, கடைசி ரெண்டு வருஷமா இடுப்புல ஒரு பொண்ணு. சாமுண்டீஸ்வரின்னு பேரு. அவ்ளோ பெரிய பேரு அந்த நோஞ்சான் குழந்தைக்கு.

ஆட்டோட விட்டாளா? மழை பெஞ்சா நம்ம கல்லறைங்க மேல தொய்யக்கீரையும் குப்பைக்கீரையும் மளமளன்னு வரும். மண்ணு அப்படி. ஆட்டை உள்ள ஓட்டிவிட்டுட்டு, முந்தானையை விரிச்சுக்கிட்டு இவ கீரை பறிப்பா. நான் வேண்டாம்னு சொல்வேன். சிரிப்பா. "செத்தவங்க இன்னா சார், கீரை துன்னவா போறாங்க? தன்னால மொளைச்சது தானே." உள்ளே வரக்கூடாதுன்னு போர்டு எழுதி வெச்சேன். டிராயிங் ஆபீஸ் எழுத்து, அத்தனை அழகு. அதுக்கும் சிரிப்பு. "எனக்கே படிக்க வராது. என் ஆடு இன்னா, இஸ்கோலுக்குப் போயா கீது?"

ஏழு வருஷம். கெஞ்சியிருக்கேன், அதட்டியிருக்கேன், குடையை ஓங்கிக்கிட்டு ஓடியிருக்கேன். ஏரிக்கரைப் பிள்ளைங்க எனக்கு 'ஆட்டு சார்'னு பேரே வெச்சிருச்சுங்க. தாம்பரம் ஸ்டேஷன்ல ஆபீஸ் ஆளுங்க நடுவுல நிக்கிறேன், எதிர்ப் பிளாட்பாரத்துலேர்ந்து ஒரு குரல், "ஆட்டு சார்!" எப்படி இருந்திருக்கும்னு நினைச்சுப் பாருங்க. கோபம்னு சொல்ல மாட்டேன். அலுப்பு. சொன்னதையே சொல்லிச் சொல்லி வர்ற அலுப்பு இருக்கே, அது கோபத்தை விட மோசம்.

ரத்தினபாய் தவறினது அறுபத்தி ஆறுல. நாலாம் வரிசை, பாதையோரம். அவ மேல டேபிள் ரோஸ் வெச்சேன். ஆடு தின்னுச்சு. மறுபடி வெச்சேன். மறுபடி தின்னுச்சு. எத்தனை தடவைன்னு ஞாபகமில்லை.

எழுபத்தொண்ணு, அக்டோபர் கடைசி. கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாங்கிக்கிட்டு உள்ளே நுழையறேன், ரத்தினபாய் சிலுவையில ஒரு குட்டியாடு கட்டிக் கிடக்கு. கழுத்துக் கயிறு சிலுவையைச் சுத்தி ரெண்டு முடிச்சு. கீரை பறிக்கக் கை ஒழியலைன்னு பச்சையம்மா கட்டிவெச்சிருக்கா. என்னைப் பார்த்ததும் எழுந்தா. "கோச்சுக்காத சார். அந்த அம்மா புள்ளை மாரி பாத்துக்கும்."

எங்களுக்குக் குழந்தை கிடையாது, உங்களுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது. முடிச்சை அவிழ்த்தேன். அவிழ்த்துட்டு வெளியே வந்துட்டேன்.

மறுநாள் பஸ் பிடிச்சுப் படப்பைக்குப் போனேன். உரக்கடையில நெல்லுக்கு அடிக்கிற பூச்சிமருந்து வாங்கினேன். பதினஞ்சு நாளைக்கு மாடு கண்ணு அண்டாமப் பார்த்துக்குங்கன்னு கடைக்காரர் சொன்னார். சரின்னு தலையாட்டினேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பூவாளியில கரைச்சு, மூணாம் வரிசையிலேர்ந்து அஞ்சாம் வரிசை வரைக்கும் தெளிச்சேன். கீரை அங்கேதான் அடர்த்தி. மருந்து ஆட்டுக்கு, ஐயா. ஆட்டுக்குத்தான். புதுசா போர்டும் எழுதினேன், சிவப்பு மையில. 'எச்சரிக்கை. விஷ மருந்து தெளிக்கப்பட்டுள்ளது.' முறைப்படி என்ன செய்யணுமோ செஞ்சேன்.

அவளுக்குப் படிக்க வராது. ஆமா. தெரியும்.

சனிக்கிழமை காலையில நான் சிலுவைகளுக்கு வெள்ளையடிச்சுக்கிட்டு இருந்தேன். அவ வந்தா. குழந்தையும் இடுப்புல இருந்துச்சு. நாலாம் வரிசையில குந்திக்கிட்டு கீரை பறிச்சா. எனக்கும் அவளுக்கும் இருபதடி இருக்கும். நான் பிரஷ்ஷைத் தோய்ச்சுத் தோய்ச்சு அடிச்சுக்கிட்டே இருந்தேன். சொல்லியிருக்கலாம். 'மருந்தடிச்சிருக்கு, போட்டுடு'ன்னு ரெண்டு வார்த்தை. ஆனா ஏழு வருஷமா தொண்டை கிழியச் சொல்லிட்டேனே, ஐயா. இன்னும் ஒரு தடவை நான் எதுக்குச் சொல்லணும்? அப்போ எனக்கு அது நியாயமாத்தான் பட்டுச்சு. முந்தானை ரொம்பினதும் எழுந்து போயிட்டா.

மத்தியானம் சமைச்சுத் தின்னிருக்காங்க, தாயும் பொண்ணும். ஜெயவேலு மலையிலேர்ந்து வர்றதுக்குள்ள ரெண்டு பேருக்கும் வலிப்பு. லாரி ஒண்ணைக் கைகாட்டி நிறுத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போனான். குழந்தை வழியிலேயே போயிடுச்சு. அவ ஞாயித்துக்கிழமை காலையில. நான் அப்போ ஆராதனையில இருந்தேன்.

அன்னிக்கு மத்தியானமே கைக்குத் துணி சுத்திக்கிட்டு மிச்சக் கீரையையெல்லாம் வேரோட பிடுங்கிக் குழி தோண்டிப் புதைச்சேன். வேற ஒருத்தருக்கும் ஆபத்து வரலை, அதை நீங்க கவனிக்கணும். சிவப்புப் போர்டையும் எடுத்துட்டேன். செவ்வாய்க்கிழமை ஜனங்க பூவும் கையுமா வர்ற இடத்துல அது பார்க்க நல்லா இருக்காது. அந்த வருஷம் வந்தவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? "இப்பத்தான் சார் மனுஷன் படுக்கிற இடம் மாதிரி இருக்கு." ஏழு வருஷத்துல முதல் பாராட்டு.

போலீஸ் வரலை. யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கலை. ஏரிக்கரை ஜனங்க அவங்களா ஒரு முடிவுக்கு வந்துட்டாங்க. கல்லறைக் கீரையைத் திருடித் தின்னா, அதான் செத்தவங்க அடிச்சிட்டாங்க. அதோட சரி. அன்னிலேர்ந்து ஒரு ஆடு உள்ளே வந்ததில்லை, ஒரு கட்டை திருடு போனதில்லை. கமிட்டி பண்ணாததை, முள்கம்பி பண்ணாததை, அந்தப் பயம் பண்ணிடுச்சு. நான் அதை மறுக்கவுமில்லை, பரப்பவுமில்லை. அப்புறமாத்தான் அரளி வெச்சேன். ஆடே வராதப்போ ஏன் வெக்கறேன்னு எனக்கே புரியலை, இருந்தாலும் வெச்சேன்.

பதினாறு நாள் கழிச்சு ஜெயவேலு வந்தான், மொட்டையடிச்சுக்கிட்டு. கேட்டுக்கு வெளியிலேயே நின்னான். "சார், எம் பொஞ்சாதி தப்புப் பண்ணிட்சு. செத்தவங்க பொருள்ல கை வெச்சிட்சு. குயந்தையும் சேந்து போச்சு. நான் தெனம் வந்து பெருக்கறேன் சார், இன்னா வேலைன்னாலும் செய்யறேன். அவங்க மனசு ஆறட்டும்."

நான் என்ன பண்ணுவேன்? விளக்குமாத்தை எடுத்துக் கொடுத்தேன்.

நீங்க பார்த்திருக்கீங்க, அவன் வேலையை. மலைக்குப் போறதுக்கு முன்னாடி விடியக்காலையில ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை. ஏழு வருஷமா ஒரு நாள் தவறினதில்லை. நான் போட்ட மூணடிப் பாதை இன்னிக்கும் மூணடி இருக்குன்னா அவனாலதான். நாலாம் வரிசைக்கு வந்தா மட்டும் செருப்பைக் கழட்டிடுவான். ரத்தினபாய் மேல டேபிள் ரோஸ் பூக்குது இல்ல, தண்ணி ஊத்தறது அவன். நாலு தடவை சம்பளம் கொடுத்துப் பார்த்தேன், வாங்கலை. கல்லுல யார் பேரைப் போடணும்னு கமிட்டிக்குத் தெரியலைன்னா நான் சொல்வேன், அவன் பேரைப் போடுங்க. ஆனா அதைச் சொல்லவும் உங்களை உட்கார வெக்கலை.

நேத்துக் கல்லை இறக்கிட்டு, தலையைச் சொறிஞ்சுக்கிட்டு நின்னான். "என்னடா?"ன்னேன். "சார், கல்லுக்குப் பின்னாடி சொவுத்தோட சேந்து மறைஞ்சு பூடும் இல்ல, அந்தப் பக்கம் சின்னதா ஒண்ணு வெட்டிக்கவா? யாருக்கும் தெரியாது சார்."

என்ன வெட்டணும்னு கேட்டேன்.

"பச்சையம்மா திருடினதுக்கு மன்னிச்சிக்கோங்க. அவ்ளோதான் சார். நீயே எயுதிக் குடு. எனக்கு எயுத்து தெரியாது, பாத்து அப்பிடியே வெட்டிடுவேன்."

பென்சில் எடுத்தேன், ஐயா. எழுத வரலை. நான் எத்தனை பேருடைய பேரை எழுதிக் கொடுத்திருக்கேன், பிறந்தது இறந்ததுன்னு, கை நின்னதே இல்லை. நாளைக்கு வான்னு அனுப்பிட்டேன். அதோ பாருங்க, பேச்சு காதுல விழாத தூரத்துல, நம்ம வீட்டு வாசல் அரளிக்குப் பக்கத்துல குந்தியிருக்கான். ஒரு மணி நேரமா காத்துக்கிட்டிருக்கான், அந்தக் காகிதத்துக்காக.

ஏன் எழுத வரலைன்னா, அவன் சொன்ன வாசகம் சரியில்லை. எழுத்துல தப்பு இருக்கக்கூடாது. சனிக்கிழமையைப் பத்தி உங்ககிட்ட சொன்னேன் இல்ல, அதுல கொஞ்சம் விட்டுட்டேன்.

அவ அன்னிக்கு ஆட்டோட வரலை. கேட்டுல நின்னா. உள்ளே கால் வெக்கலை. "ஆட்டைக் கட்டிப் போட்டு வந்தேன் சார். அன்னிக்கு நீ மூஞ்சியைத் தூக்கிக்கினு பூட்ட, எனக்கு மனசே கேக்கலை. அது உன் வூட்டு அம்மாதுன்னு அப்பாலதான் சொன்னாங்க. இனிமே ஆடு வராது சார், இந்தப் புள்ளை மேல சத்தியமா." அப்படின்னு குழந்தை தலையில கை வெச்சா. அப்புறம் தயங்கிக்கிட்டே கேட்டா. "ரெண்டு கை கீரை மட்டும் பறிச்சிக்கவா? வூட்டுல ஒண்ணுமில்ல."

ஏழு வருஷத்துல முதல் தடவையா கேட்டா, ஐயா. மூக்கைச் சுளிச்சுக்கிட்டு, "இன்னா சார், கிருஷ்ணாயில் வாசனை அடிக்குது, லாந்தர் கவுந்துக்கிச்சா?"ன்னுகூடக் கேட்டா. மருந்து வாடை அது. அதுக்கு நான் பதில் சொல்லலை. பொய் சொன்னேன்னு யாரும் சொல்ல முடியாது.

நான் பிரஷ்ஷைக் கீழே வெச்சேன். கேட்டைத் திறந்து விட்டேன். "பறிச்சுக்கோ"ன்னேன். இன்னும் தள்ளி நாலாம் வரிசையில நல்லா இருக்குன்னு கையைக் காட்டினேன். குழந்தை என்னைப் பார்த்துச் சிரிச்சுது. "நீ நல்லா இருக்கணும் சார்"னு சொல்லிட்டுப் போனா.

அதனால அவ திருடலை. ஜெயவேலுகிட்ட அதை நீங்களே சொல்லிடுங்க, உங்க வாயால வந்தா அவன் நம்புவான். மிச்சத்தைச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். ஆனா கமிட்டியில என்னைப் பத்திப் பேசுறப்போ ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. ஏழு வருஷம் நாயாக் கத்தி, வேண்டாம் வேண்டாம்னு சொன்னவன் நான். அதையெல்லாம் விட்டுட்டு, ஒரே ஒரு நாள் மனசு இரங்கி எடுத்துக்கோன்னு சொன்னதையா பிடிச்சுக்குவீங்க?