பேரில்லாத குப்பி

பூதலூரில் பாசஞ்சர் ரயிலில் ஏறிய இரண்டு பெண்கள் என் எதிரே உட்கார்ந்தார்கள். மூத்தவர் பேச்சைத் தொடங்கியதுமே, ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த நான் அவர்கள் பக்கம் திரும்பிவிட்டேன்.

"என் ரத்தம் இன்னும் தஞ்சாவூர்ல ஐஸ் பெட்டியிலதான் இருக்கு."

"எதுக்குக்கா?"

"எனக்கு எலிக்காய்ச்சல் வந்துச்சுல்ல, அப்ப பெரியாஸ்பத்திரியில ஆராய்ச்சிக்குக் கேட்டாங்க. அந்தக் காய்ச்சலைச் சீக்கிரம் கண்டுபிடிக்க வழி பாக்குறாங்களாம். நம்ம சனம் வருஷா வருஷம் எலி மூத்திரம் கலந்த சேத்துல இறங்கித்தானே ஆகணும்."

"எங்க வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டாங்க. துபாய்லேர்ந்து லீவுல வந்த மனுஷன், வயல்ல இறங்கி அதே காய்ச்சலோட இப்ப வார்டுல கெடக்குறாரு. அவரு சரின்னுட்டாரு, நான்தான் விடல. ரத்தம் வேத்தாளு கையில சிக்கினா செய்வினை வச்சுட மாட்டாங்களா?"

"நானும் பயந்தேன்டி. அப்புறம் பாத்தா, குப்பியில வெறும் நம்பர்தான் ஒட்டியிருக்கு. பேரும் நட்சத்திரமும் இல்லாம எவன் என்னத்த வைப்பான்?"

இளையவர் வாய்விட்டுச் சிரித்தார். தஞ்சாவூர் வந்ததும் சாப்பாட்டுக் கூடையோடு எழுந்தார்.

"காலையில இட்லி கேட்டாராம்க்கா, தேறிட்டாரு. இப்பப் போயி சரின்னா எடுத்துக்குவாங்களா?"

"எடுத்துக்குவாங்க. நட்சத்திரம் கேட்டா மட்டும் சொல்லிடாத."