எய்கோ மாருவுக்கு ஆள் வந்தது

கிகுயோ: …இன்னொரு தடவை போடவா? இந்தா, நல்லா கேளு. எஞ்சின் எப்படிப் பாடுது பாரு!

ருரிகோ: பாடுதா? இருமுதுக்கா.

கிகுயோ: இந்தக் குளிர்ல சும்மா கெடந்தா நீயும்தான் இருமுவே. கொஞ்சம் ஓடட்டும், தொண்டை சரியாயிடும்.

ருரிகோ: அடித்தட்டுல தண்ணி நிக்குதே.

கிகுயோ: மழைத்தண்ணி.

ருரிகோ: உப்புக் கரிக்குது.

கிகுயோ: அடிப்பாவி, நக்கியே பாத்துட்டியா! சரி, கசியுதுதான். எந்தப் பழைய படகு கசியல? விலையில கொறைச்சுக்கோ.

ருரிகோ: கசிவு கெடக்கட்டும். வசந்த காலத்துலேர்ந்து 'எய்கோ மாரு விற்பனைக்கு'ன்னு பலகை தொங்குதாம். இந்தத் துறைமுகத்துல ஒருத்தர்கூட வந்து கேக்கலையாமே?

கிகுயோ: யாரு சொன்னா?

ருரிகோ: ஏலக்கூடத்துல பேசிக்கிட்டாங்க.

கிகுயோ: அவனுங்களுக்கு வேற வேலை என்ன! இங்க எல்லாம் கிழடுங்க. படகை விக்கத்தான் ஆள் இருக்கு, வாங்க யாரு இருக்கா? என் வீட்டுக்காரர் போன பனியில போய்ச் சேர்ந்தார். அவர் இருந்தா நான் இதை விப்பேனா? எங்க கல்யாணத்துக்கு அடுத்த வருஷம் வாங்கினது.

ருரிகோ: அக்கா, நான் ஒளிவு மறைவு இல்லாம கேக்கறேன். இதுல என் பையன் தாக்குமி தனியாப் போகப்போறான். எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன். எஞ்சின் கெட்டா மாத்திக்கலாம். இந்தப் படகு சுத்தமானதா, அதை மட்டும் சொல்லுங்க.

கிகுயோ: சுத்தம்னா?

ருரிகோ: கடல்ல பொணம் ஏதாவது…

கிகுயோ: ஷ்ஷ்! படகுல நின்னுக்கிட்டு அந்த வார்த்தையைச் சொல்லாதே. எபிசுசாமின்னு சொல்லு, மீன் குடுக்கற சாமி பேரு. மீனவன் பொண்டாட்டிதானே நீ?

ருரிகோ: சரி, எபிசுசாமி. மிதந்து வந்த எபிசுசாமி யாரையாவது இந்தப் படகு ஏத்தியிருக்கா?

கிகுயோ: ஏத்தாம? ரெண்டு பேரைக் கரை சேத்திருக்கு. ஏத்தின கையோட கணவாய் மீன் கொட்டோ கொட்டுன்னு கொட்டுச்சு. அவங்க நன்றி மறக்க மாட்டாங்க.

ருரிகோ: முறைப்படி ஏத்தினீங்களா?

கிகுயோ: என்னடி, பரீட்சை வெக்கறியா? இது புருஷன் பொண்டாட்டி படகு. ஓரத்துல குனிஞ்சு அவர் கேப்பார், 'மீன் குடுப்பீங்களா? குடுத்தா ஏத்திக்கறோம்'னு. நான் பின்னாடி நின்னு செத்தவருக்காகப் பதில் சொல்லுவேன், 'குடுக்கறேன், குடுக்கறேன்'னு. அப்புறம் ரெண்டு பேருமா தூக்குவோம்.

ருரிகோ: உங்க குரல்லயேவா?

கிகுயோ: பின்னே, அவரா எந்திரிச்சுப் பேசுவார்? கொஞ்சம் குரலைத் தடிமனாக்கிக்குவேன்… சிரிக்காதே! ஒரு தடவை என் வீட்டுக்காரர் சிரிச்சுத் தொலைச்சிட்டார். அந்த மாசம் பூரா வெறும் தூண்டில்தான்.

ருரிகோ: ஏத்தாம விட்டது உண்டா?

கிகுயோ: டீ குடிக்கறியா? பிளாஸ்க்ல சூடா இருக்கு.

ருரிகோ: வேண்டாம்.

கிகுயோ: சோத்து உருண்டை கொண்டாந்திருக்கேன். உள்ள உப்பு பிளம் வெச்சது…

ருரிகோ: ஏத்தாம விட்டது உண்டான்னு கேட்டேன்.

கிகுயோ: எவன் உனக்கு இதெல்லாம் ஓதினான்?

ருரிகோ: யார் ஓதினா என்ன? என் பிள்ளையைக் கடலுக்கு அனுப்பறேன். நீங்களும் ஒரு அம்மாதானே?

கிகுயோ: எனக்குப் பிள்ளை இல்லை. தெரிஞ்சே குத்தறியா?

ருரிகோ: ஐயோ… சத்தியமா தெரியாதுக்கா. மன்னிச்சுக்கோங்க.

கிகுயோ: …எஞ்சினை நிறுத்து. இந்தச் சத்தத்துல என்னால பேச முடியல.

ருரிகோ: நிறுத்திட்டேன்.

கிகுயோ: ஒரே ஒருத்தர். போற வழியில பாத்தோம். ஒகி தீவுக்கு வடக்கே, மிதவைக் கயித்துல தோள் மாட்டிக்கிட்டு, குப்புற… அன்னிக்குத்தான் கணவாய் மேல வந்திருக்கு, வருஷத்து முதல் கூட்டம். அவரை ஏத்தினா அப்பவே திரும்பணும். கடல் போலீசு வரும், விசாரணைம்பான், பொழப்பு போச்சு. அதனால என் வீட்டுக்காரர் கும்பிட்டுக் கேட்டார், 'திரும்பறப்போ ஏத்திக்கறோம், காத்திருப்பீங்களா'ன்னு. அதுவும் முறைதான்! என் மாமனார் காலத்துலேர்ந்து அப்படிக் கேக்கறதுதான். உங்க கரையில கேக்க மாட்டாங்களா?

ருரிகோ: கேப்பாங்க.

கிகுயோ: அதான் பின்னே!

ருரிகோ: அவருக்காகப் பதில் சொன்னது?

கிகுயோ: நான்தான். 'காத்திருக்கேன்'னு சொன்னேன்.

ருரிகோ: திரும்பறப்போ?

கிகுயோ: இல்லை.

ருரிகோ: இல்லைன்னா?

கிகுயோ: ஆளு இல்லைடி. மிதவை மட்டும் ஆடிக்கிட்டு இருந்துச்சு. நீரோட்டம் இழுத்துட்டுப் போயிருக்கும். இதைப் போய் எங்க வீட்டு மனுஷன் குடிச்சிட்டு நாலு பேர் முன்னால உளறிட்டார். அன்னியிலேர்ந்து இது 'காக்க வெச்சவன் படகு'. எவனும் கிட்ட வர்றதில்லை. போதுமா? எல்லாத்தையும் புடுங்கிட்டே.

ருரிகோ: அவர் என்ன போட்டிருந்தார்?

கிகுயோ: யாரு?

ருரிகோ: மிதவையில இருந்தவர்.

கிகுயோ: மழைக்கோட்டு. மஞ்சள். எல்லாரும் போடறதுதானே.

ருரிகோ: முதுகுல?

கிகுயோ: …முதுகுல என்ன?

ருரிகோ: கறுப்பு டேப்பு. பெருக்கல் குறி மாதிரி.

கிகுயோ: உனக்கு எப்படித் தெரியும்?

ருரிகோ: கோட்டு கிழிஞ்சிருச்சு. புதுசு வாங்குங்கன்னு தலை தலையா அடிச்சுக்கிட்டேன். அந்தக் கஞ்சப் பிசினாறி கேட்டாத்தானே? 'டேப்பைப் போட்டு ஒட்டுடி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்'னார். என் கையால ஒட்டினேன். இருந்துச்சா, அக்கா?

கிகுயோ: உக்காரு. மொதல்ல உக்காரு நீ.

ருரிகோ: இருந்துச்சா?

கிகுயோ: …இருந்துச்சு. ருரிகோ… இந்தா, தண்ணி குடி. அப்போ பையன், படகுன்னதெல்லாம்…

ருரிகோ: பையன் இருக்கான். படகும் வேணும். அது பொய் இல்லை. ஆனா படகு எங்க வேணா கெடைக்கும். உங்க வீட்டுக்காரர் உளறினது மலை தாண்டி எங்க கரைக்கும் வந்துச்சு. அதான் இதைத் தேடிக்கிட்டு வந்தேன். எங்களுக்கு அவர் படகு மட்டும்தான் திரும்பி வந்துச்சு. பெட்டியில அவரோட பூட்ஸை வெச்சுச் சடங்கை முடிச்சோம். கல்லறையில ஒரு எலும்பு இல்லக்கா. யாரைக் கும்பிடறதுன்னே தெரியாம ஊதுவத்தி ஏத்திட்டு வர்றேன்.

கிகுயோ: என்னை ஒரு அறை அறைஞ்சிரு. இல்லை, இங்கயே தள்ளி விட்டுரு.

ருரிகோ: உங்களை எதுக்கு? நீங்க முறைப்படி கேட்டீங்க. அவர்தான் இருக்கல. அந்த மனுஷன் எதுக்குக் காத்திருந்தார்? பஸ் வர்ற வரைக்கும் பொறுக்க மாட்டார், நடந்தே போயிடுவார். சோறு வேகற வரைக்கும் பொறுக்க மாட்டார். தாக்குமி பொறக்கறப்போ ஆஸ்பத்திரி வாசல்ல இருங்கன்னா, 'நீ பெத்து வை, வந்து பாக்கறேன்'னு கடலுக்குப் போனவர்! செத்த பிறகு மட்டும் உங்களுக்காக இருப்பாரா? எனக்குச் சிரிப்பு வருதுக்கா. பாருங்க, அழுகையும் வருது.

கிகுயோ: அழுடி. நல்லா அழுதுடு.

ருரிகோ: வர்ற வழியெல்லாம் இதே நெனப்புதான். பாத்தும் பாக்காத மாதிரி போயிட்டாங்களோன்னு. நாய் மாதிரி விட்டுட்டாங்களோன்னு. இல்லை… ரெண்டு பேர் நின்னு மரியாதையாப் பேசியிருக்கீங்க. எனக்கு மனசு ஆறிடுச்சு. அவர் கடைசியாப் பாத்த படகு இது. என் பையன் இதுலயே போகட்டும். சாவியைக் குடுங்க.

கிகுயோ: கொஞ்சம் பொறு.

ருரிகோ: என்னக்கா, இப்ப விலையை ஏத்தப் போறீங்களா?

கிகுயோ: ருரிகோ…

ருரிகோ: சாவி.

கிகுயோ: தர மாட்டேன். உன் பிள்ளையை இதுல ஏத்தாதே. அவர் இருந்தாரும்மா… விட்ட இடத்துலயே, அந்த மிதவையோட, எங்களுக்காகக் காத்துக்கிட்டுத்தான் இருந்தார். படகு கொள்ளாம கணவாய். நாங்கதான் எல்லா விளக்கையும் அணைச்சுட்டு அவரைத் தாண்டி வந்துட்டோம்.