மெஷின் தின்ற மூன்று கிழமை

அரிப்புக் கிராமத்துக்குப் போகும் மத்தியான பஸ். எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். இளையவளின் மடியில் ஆஸ்பத்திரிக் கொப்பி.

“அந்த மெஷின் என்ரை மூண்டு கிழமையைத் திண்டிட்டுது, அக்கா.”

“எந்த மெஷின்?”

“லாப்பில புதுசா வந்திருக்கு. தையல் மெஷினளவுகூட இல்லை. இவரின்ரை கழுத்துக் கட்டியில ஊசி குத்தி எடுத்ததைக் கண்ணாடித் துண்டில பூசி உள்ளுக்கு வைச்சவை. அது தானாப் படமெடுத்துக் கொழும்புக்கு அனுப்பிட்டுது. மத்தியானத்துக்குள்ள பதில் வந்திட்டுது. கான்சராம்.”

“கெதியாத் தெரிஞ்சது நல்லதெல்லே?”

“நான் இன்னும் மாதாவுக்கு நேர்த்தியே வைக்கேல்லை. அப்பாவுக்குப் பாக்கேக்க கண்ணாடி கொழும்புக்குப் போய்வர மூண்டு கிழமை. இருபத்தொரு நாளும் மாதாவைக் கேட்டனான். ஒண்டுமில்லையெண்டு வந்தது.”

“இப்ப வையன், பிள்ளை.”

“பதில் வந்தாப் பிறகு எதைக் கேக்கிறது?”

மூத்தவள் டிரைவரின் பக்கம் எட்டிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, “அவருக்குச் சொல்லிட்டியோ?” என்றாள்.

“இல்லை. பதில் சொல்லேக்க அவர் வெளியில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு நிண்டவர்.”

டிரைவருக்குப் பின்னால் இருந்தவர் அப்போதுதான் திரும்பினார். கழுத்தில் சின்னப் பிளாஸ்டர்.

“இஞ்சரப்பா, சேர்ச்சடியில இறங்குவம். பதில் வர மூண்டு கிழமை இருக்குத்தானே. இண்டைக்கே மெழுகுதிரி கொளுத்தி நேர்த்தியைத் தொடங்குவம்.”

“ஓம், இருக்கு,” என்று இளையவள் எழும்பி, தானே மணியை அடித்தாள்.