காய்ச்சலுக்குத் தடயம் இல்லை

இந்த ஸ்டேஷன் டீ பரவாயில்லை, சார். ஒரகடத்தில் எங்கள் ஆஸ்பத்திரி கேன்டீனில் இதைவிட மோசம்.

போலீஸிடம் குற்றத்தை ஒப்புக்கொண்டால் அது கோர்ட்டில் செல்லாது. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதனால் நிதானமாகவே சொல்கிறேன்.

அரசு மருத்துவக் காப்பீட்டுப் பிரிவு என் பொறுப்பு. லேடீஸ் ஹாஸ்டல்களில் இலவச முகாம் போடுவோம். பெண்களின் காப்பீட்டு அட்டையை வாங்கி, வராத நோய்க்குச் சிகிச்சை கொடுத்ததாகப் பதிவு செய்வோம். அரசுப் பணம் வந்துவிடும். பெரும்பாலும் காய்ச்சல்தான். காய்ச்சல் உடம்பில் தடயம் விடாது.

வேல்விழி விஷயத்தில் கை தவறிவிட்டது. முந்தைய நோயாளியின் பதிவை நகலெடுத்து, பெயரையும் வயதையும் மாற்றுவது எங்கள் வழக்கம். முந்தையவர் கருப்பை அகற்றிய ஒரு அம்மாள். அதை மாற்ற மறந்தேன். வேல்விழி தென்காசிப் பக்கத்துப் பெண். உதிரிபாகக் கம்பெனியில் வேலை. கல்யாணம் ஆகவில்லை.

நீங்கள் அவளைச் சாட்சியாகச் சேர்த்தீர்கள். எங்கள் ஆஸ்பத்திரியில் படுத்ததே இல்லை என்று உங்களிடம் சொன்னது போதாது, கூண்டில் ஏறிச் சொல்ல வேண்டும். அங்கே வாய்ச்சொல்லை எங்கள் வக்கீல் உடைத்துவிடுவார். கருப்பை இருப்பதைக் காட்டும் ஸ்கேனை உடைக்க முடியாது.

அவளுக்கு மாதாமாதம் வயிற்று வலி. ஹாஸ்டல் வார்டன் காந்திமதியிடம் அழைத்துவரச் சொன்னேன்.

“இன்னா சார், பொண்ணு பயந்துகினு கீது,” என்றாள் காந்திமதி. “சூப்பர்வைசரையே எதுத்துப் பேசுவா, ஊசின்னா ஓடுறா.”

“மாத்திரை குடுத்தா போதும்லா அண்ணே?” என்றாள் வேல்விழி. “சித்திரையில கல்யாணம் பேசியிருக்காவ. இப்ப லீவு போட்டா அப்ப தரமாட்டாவ.”

கட்டி இருக்கிறது, சின்ன ஆபரேஷன் என்றேன். டாக்டர் தயங்கினார். அந்தப் பதிவில் அவர் கையெழுத்தும் இருப்பதை நினைவூட்டினேன். பிறகு நன்றாகவே செய்தார். தையல் சீராக இருக்கிறது.

இப்போது ஸ்கேன் எடுங்கள், சார். பதிவு சொல்வதையே அவள் உடம்பும் சொல்லும். தேதி ஒத்துப்போகாது. அது தட்டச்சுப் பிழை என்று வக்கீல் சொல்லிக்கொள்வார்.

டிஸ்சார்ஜ் அன்று ஆட்டோ வரை நானே கைத்தாங்கலாகக் கொண்டுபோய் விட்டேன். காந்திமதி முன்னால் போனதும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

“தப்பா நெனைக்காதிய அண்ணே. மாசாமாசம் வருமே, அது இனி எப்ப வரும்?”

கொஞ்ச நாள் ஆகும் என்றேன்.

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை, சார். அவளிடம் சொன்னது அந்த ஒன்றுதான்.